இரண்டாவது பல்புக்குக் கரண்ட் குறையுமா? பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலில் டிஜிட்டல் கருவிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் மாட்டிவிட்டு, எந்தப் பல்பில் மின்னோட்டம் அதிகம் என்று பத்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "மொத பல்புலயே பாதி கரண்ட் தீர்ந்துடும் டீச்சர், மீதிதான் ரெண்டாவதுக்குப் போகும்" என்ற பதில் ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து வந்துவிடும். ஓம் விதியைப் பிசகில்லாமல் ஒப்பிக்கிற பிள்ளையே இதைச் சொல்லும். கணக்குப் போடச் சொன்னால் சரியாகப் போட்டு முழு மதிப்பெண்ணும் வாங்கும். சூத்திரம் ஒரு பக்கம், மனத்தில் உள்ள படம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே பத்தாம் வகுப்பு முடிந்துவிடும்.

மின்னோட்டம் வழியில் செலவாகித் தீர்ந்துபோகிறது என்ற இந்தத் தவறான கருத்து நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. இயற்பியல் கற்பித்தலை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு இதை மாற்றுவது கடினம். அம்புக்குறி அசையாது. பேட்டரியையும் பல்பையும் மேசையில் வைத்துக் காட்டினாலும் ஒளிதான் தெரியும், கம்பிக்குள் நடப்பது தெரியாது. ஒரு மென்பொருளை வகுப்புக்குள் கொண்டுவர இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பாடவேளையை. பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் அலகு, 40 பிள்ளைகள், 40 நிமிடம், ஒரு லேப்டாப், ஒரு ப்ரொஜெக்டர், ஆசிரியரின் கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன், வந்தால் வரும் வராவிட்டால் போகும் இணையம். தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகள் பலவற்றுக்கு இந்த அளவு பொருந்தும். இதற்கு மேல் வசதி உள்ளவர்களுக்கும் முறை இதேதான்.

பாடநூலிலேயே இருக்கும் கதவு

தேடலை இணையத்தில் தொடங்க வேண்டாம், பாடநூலில் தொடங்கலாம். 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன, அடுத்த ஆண்டில் பத்தாம் வகுப்பு உட்பட மற்ற வகுப்புகளுக்கும். இவற்றில் பாடப்பகுதிகளோடு க்யூஆர் கோடு அச்சாகியிருக்கிறது. அதைத் திறப்பது திக்ஷா செயலி. ஒன்றிய அரசின் இந்தத் தளம் 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. பல அலகுகளின் முடிவில் 'இணையச் செயல்பாடு' என்ற பக்கமும் உண்டு. படிகளும் படங்களும் ஒரு இணைப்பும் அதில் இருக்கும்.

க்யூஆர் கோடு வேலை செய்யவில்லை என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் குறை கோட்டில் இருக்காது. தடித்த புத்தகத்தின் உள்விளிம்பு வளைந்திருக்கும், கோட்டின் ஒரு மூலை நிழலில் விழும், அல்லது பக்கம் கசங்கியிருக்கும். புத்தகத்தை நன்றாக விரித்து, பக்கத்தை உள்ளங்கையால் தட்டையாக அழுத்தி, ஒரு சாண் உயரத்திலிருந்து ஸ்கேன் செய்தால் முக்கால்வாசித் தொல்லை தீரும். அப்படியும் முடியாவிட்டால் கோட்டுக்குக் கீழே அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட குறியைப் பாருங்கள். செயலியில் அதைத் தட்டச்சு செய்தாலே அதே பாடப்பொருள் வந்துவிடும். போனின் கேமராவை விட திக்ஷா செயலிக்குள் இருக்கும் ஸ்கேனரைப் பயன்படுத்துவது நல்லது. அப்போதுதான் பாடப்பொருளைப் போனிலேயே இறக்கி வைத்து, இணையம் இல்லாத வகுப்பில் ஓட்ட முடியும்.

அங்கே கிடைப்பவற்றில் பெரும்பகுதி காணொளிகள். காணொளி தவறல்ல, அதைத் தொடங்கிவிட்டு ஆசிரியர் ஓரமாக நிற்பதுதான் தவறு. ஏழு நிமிடக் காணொளி என்றால் முந்தைய நாளே முழுதும் பார்த்து, நிறுத்த வேண்டிய மூன்று இடங்களை நிமிட, விநாடிக் கணக்கோடு குறித்து வையுங்கள். நிறுத்தும் இடம் ஒவ்வொன்றிலும் 'அடுத்து என்ன நடக்கும்?' என்ற கேள்வி ஒன்று இருக்கட்டும். ஆனால் நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்குக் காணொளி போதாது. "அந்தப் பல்ப இப்படி மாத்தி மாட்டினா?" என்று ஒரு பையன் கேட்டால் காணொளியால் பதில் சொல்ல முடியாது.

இணையச் செயல்பாட்டுப் பக்கங்களில் ஒரு எச்சரிக்கை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் என்ற மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஃபிளாஷில் ஓடிய பழைய உருவகங்கள், அதாவது சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கும் சிமுலேஷன்கள், இப்போது எந்த உலாவியிலும் நேரடியாகத் திறக்காது. இணைப்பைத் தட்டினால் வெற்றுப் பெட்டியோ உடைந்த படமோ வந்தால் கணினியைக் குறை சொல்லி நேரத்தைக் கழிக்காதீர்கள். அதே உருவகத்துக்கு இன்றைய உலாவிகளில் ஓடும் எச்டிஎம்எல்5 வடிவம் இருக்கிறதா என்று அதன் பெயரைப் போட்டுத் தேடுவதே வழி.

ஏன் ஃபெட்

அந்த வடிவில் கிடைப்பவற்றில் இந்தப் பாடத்துக்கு ஏற்றது ஃபெட் உருவகம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் தொடங்கிய திட்டம் அது. பள்ளியில் பயன்படுத்தக் கட்டணமில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. மிக முக்கியமாக, ஒவ்வொரு உருவகத்தையும் ஒற்றைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சில எம்பி அளவுதான் வரும். ஒரு பென்டிரைவில் போட்டால் இணையத்தைப் பற்றிய கவலையே இல்லை.

நமக்கு வேண்டியவை இரண்டு. முதலாவது, நேர்மின்னோட்டச் சுற்று அமைக்கும் 'சர்க்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்: டிசி'. இரண்டாவது 'ஓம்ஸ் லா'. முதலாவதுக்கு 'விர்ச்சுவல் லேப்' என்ற பின்னொட்டோடு ஒரு இரட்டை உண்டு, அதை எடுத்துவிட வேண்டாம். கம்பியின் மேல் நகர்த்திப் பார்க்கும் அம்மீட்டர் அதில் கிடையாது, சுற்றில் இணைக்கும் அம்மீட்டர் மட்டுமே இருக்கும். நமது பாடம் முழுவதும் அந்த நகரும் அம்மீட்டரை நம்பியே இருக்கிறது.

இந்தச் சுற்று உருவகத்தின் முந்தைய வடிவத்தை வைத்து 2005-இல் வெளியான கொலராடோ ஆய்வு பலராலும் மேற்கோள் காட்டப்படுவது. உருவகத்தில் பயின்ற மாணவர்கள், நிஜக் கருவிகளில் பயின்றவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் மேலாகச் செய்தார்கள், பிறகு நிஜச் சுற்றை அமைத்து விளக்குவதிலும் முந்தினார்கள். இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் பல்பும் பேட்டரியும் தேவையில்லை' என்று முடிவு கட்டுவது அவசரம். அந்த மாணவர்கள் கல்லூரி மாணவர்கள், உருவகத்தைத் தங்கள் கையாலேயே இயக்கினார்கள். ஆசிரியர் திரையில் இயக்க, 40 பேர் வேடிக்கை பார்ப்பது வேறு கதை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தப் பாடவேளையில் வாக்கெடுப்பு இருக்கிறது.

முந்தைய நாள்

ஃபெட் தளத்தில் உருவகத்தின் பக்கத்தைத் திறந்து மொழிபெயர்ப்புகள் பகுதிக்குப் போனால் மொழிப் பட்டியல் வரும். தமிழ் இருந்தால் அதையும், கூடவே ஆங்கில வடிவத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பைச் செய்பவர்கள் தன்னார்வலர்கள். சொற்கள் தமிழ்நாட்டுப் பாடநூலின் சொற்களோடு எல்லா இடத்திலும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. நம் பாடநூல் மின்தடை, மின்னழுத்த வேறுபாடு, மின்கலம் என்று சொல்கிறது. இலங்கைப் பாடநூல்களில் வோல்ற்றளவு, தடை, அம்பியர்மானி என்று வரும். திரையில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று என்றிருந்தால் பிள்ளைகள் அவற்றை இரண்டு வேறு பொருள்களாக எடுத்துக்கொள்வார்கள். எந்தச் சொற்கள் மாறுபடுகின்றன என்று பார்த்து, நாலைந்து இணைச் சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தால் போதும்.

அடுத்தது உலாவி. பள்ளி லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருந்தால் குரோம் 109-தான் அதற்கான கடைசிப் பதிப்பு. அதற்கும் பழைய குரோமோ, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ இருந்தால் உருவகம் ஏறாமல் அப்படியே நிற்கும். வகுப்புக்கு எடுத்துப்போகும் அதே லேப்டாப்பில், அதே பென்டிரைவிலிருந்து, வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பார்ப்பதே உண்மையான சோதனை. வீட்டுக் கணினியில் ஓடியது என்பது எதற்கும் உத்தரவாதம் ஆகாது.

பிறகு கை பழக வேண்டும். சுற்று உருவகத்தில் செய்து வைத்ததைச் சேமிக்க வழி கிடையாது. வலது கீழ்மூலையில் உள்ள ஆரஞ்சு நிற வட்டப் பொத்தான் எல்லாவற்றையும் துடைத்துவிடும், 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காது. பக்கத்தைப் புதுப்பித்தாலும் அதே கதி. ஆகவே ஒரு பேட்டரி, ஒரு ஸ்விட்ச், இரண்டு பல்பு கொண்ட தொடர்ச் சுற்றை ஒரு நிமிடத்துக்குள் அமைக்கும் அளவுக்கு நாலைந்து முறை செய்து பாருங்கள். கம்பி முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வேண்டும். அருகருகே இருப்பதுபோல் தெரிந்தும் ஒட்டாமல் இருந்தால் பல்பு எரியாது, வகுப்பு சிரிக்கும். இணைப்பைப் பிரிக்க அந்தச் சந்திப்பைத் தட்டினால் கத்தரிக்கோல் வரும். ஒரு உறுப்பைத் தட்டினால் அதன் அளவை மாற்றும் நழுவல்பட்டையும் குப்பைத் தொட்டியும் கீழே வரும்.

ப்ரொஜெக்டருக்கு வருவோம். கடைசி பெஞ்சுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை ஆறால் வகுத்தால் வருவது படத்துக்குத் தேவையான குறைந்தபட்ச உயரம். 24 அடி தூரம் என்றால் 4 அடி உயரம் வேண்டும். அவ்வளவு பெரிதாக விரித்தால் வெளிச்சம் மங்கும். திரைப் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு, பிள்ளைகள் எழுதும் பக்கத்து ஜன்னலைத் திறந்தே விடுங்கள். முழு இருட்டில் யாரும் நோட்டில் எழுத முடியாது. எஃப்11 அழுத்தினால் உலாவி முழுத்திரைக்கு விரியும். கடைசி பெஞ்சில் நீங்களே உட்கார்ந்து அம்மீட்டரின் எண் படிக்க வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உருவகத்தின் உள்ளேயே பெரிதாக்கும் கூட்டல் குறி இருக்கிறது.

கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், ப்ரொஜெக்டர் அணையும். விளக்கு வகை ப்ரொஜெக்டராக இருந்தால் கரண்ட் திரும்பியதும் உடனே போடக் கூடாது. விசிறி நின்றுபோனதால் விளக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். சில நிமிடம் ஆறவிட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் விளக்கின் ஆயுள் குறையும். அந்த நிமிடங்களில் என்ன செய்வது என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். நமது பாடத்தில் அதற்கு வரைபடம் போடும் வேலை இருக்கிறது.

அட்டை வாக்கெடுப்பு

எல்லோரிடமும் போன் இல்லாத வகுப்பில் எல்லோருடைய பதிலையும் வாங்குவது எப்படி? பிளிக்கர்ஸ் என்ற கருவி இதற்கென்றே வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அச்சடித்த அட்டை. அட்டையில் உள்ள கறுப்புக் கட்ட வடிவம் ஒவ்வொன்றிலும் வேறு, நான்கு பக்கங்களில் ஏ, பி, சி, டி என்று சிறிய எழுத்து. தான் தேர்ந்த விடை மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்க, ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை நகர்த்தினால் பதில்கள் பதிவாகிவிடும். எழுத்து சிறியது என்பதால் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதுவது எளிதல்ல. தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்று வாயைத் திறக்காத பிள்ளைக்கு இந்த அட்டை பெரிய விடுதலை. அதற்காகவே இதை விடாமல் பயன்படுத்தலாம்.

சறுக்கும் இடங்கள் மூன்று. பளபளக்கும் லேமினேஷன் போட்டால் டியூப்லைட் அதில் மின்னும், கேமரா படிக்காது. கெட்டி அட்டையில் அச்சிட்டு அப்படியே விடுங்கள், அல்லது மங்கலான உறை போடுங்கள். கறுப்புக் கட்டத்தின் மேல் விரல் படக் கூடாது, ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அட்டை வழங்கவே ஐந்து நிமிடம் போகும். இதற்கு இணையம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இல்லாத நாளில் கண்ணை மூடச் சொல்லி, நெஞ்சுக்கு நேராக ஒன்று முதல் நான்கு விரல்களைக் காட்டச் சொன்னால் ஏறக்குறைய அதே பயன் கிடைக்கும். யார் என்ன சொன்னார்கள் என்ற பதிவு மட்டும் இருக்காது.

40 நிமிடம்

மேசையில் நிஜமான இரண்டு 1.5 வோல்ட் செல், இரண்டு டார்ச் பல்பு, ஒரு ஸ்விட்ச். முதலில் ஒரு பல்பு மட்டும் எரியட்டும். இரண்டாவது பல்பைத் தொடரிணைப்பில் சேர்க்கும் முன் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். கரும்பலகையில் அந்தச் சுற்றை வரைந்து மூன்று புள்ளிகளைக் குறியுங்கள். முதல் பல்புக்கு முன் 'க', இரண்டுக்கும் நடுவில் 'ச', இரண்டாவதற்குப் பின் 'ட'. கேள்வி ஒன்றே ஒன்று: மூன்று புள்ளிகளில் மின்னோட்டம் எப்படி இருக்கும்? ஏ: க-வில் அதிகம், ச-வில் குறைவு, ட-வில் அதனினும் குறைவு. பி: மூன்றிலும் சமம். சி: க-வில் மட்டும் உண்டு, பல்புகளில் முழுதும் தீர்ந்துவிடும். டி: க-வும் ட-வும் சமம், ச-வில் மட்டும் குறைவு. விடைகளை இப்படி அமைப்பதுதான் ஆசிரியரின் உண்மையான வேலை. ஒவ்வொரு தவறான விடையும் ஒரு பிள்ளை உண்மையிலேயே நம்பக்கூடியதாக இருக்க வேண்டும்.

முதல் வாக்கெடுப்பில் பேச்சு கூடாது. ஒரு நிமிடம் யோசித்து அட்டையைத் தூக்க வேண்டும். முடிவைத் திரையில் காட்டாதீர்கள். காட்டினால் அதிகம் பேர் சொன்னதே சரி என்று மற்றவர்கள் சாய்ந்துவிடுவார்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த சகமாணவர் கற்பித்தல் முறை இங்கே கைகொடுக்கிறது. சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், அதாவது 40 பேரில் 12 முதல் 28 பேர், பிள்ளைகளையே பேசவிடலாம். "வேற விடை சொன்ன ஒருத்தரத் தேடிப் பிடிச்சு, ஏன்னு சொல்லுங்க" என்று மூன்று நிமிடம் விடுங்கள். 12-க்கும் கீழே இருந்தால் பேசவிட்டுப் பயனில்லை, தவறான கருத்து தவறான கருத்தோடு கைகுலுக்கும். அப்போது விவாதத்தைத் தவிர்த்து நேராகத் திரைக்குப் போகலாம். 28-க்கு மேல் இருந்தால் சுருக்கமாகச் சரிபார்த்துவிட்டு அடுத்த கேள்விக்கு நகரலாம். விவாதம் முடிந்ததும் இரண்டாவது வாக்கெடுப்பு. இத்தனைக்கும் 12 நிமிடம் ஆகும்.

இப்போதுதான் ப்ரொஜெக்டர். அதுவரை திரை இருட்டாகவே இருக்கட்டும்.

உருவகத்தில் 'லேப்' திரையை எடுத்து, பேட்டரி, ஸ்விட்ச், இரண்டு பல்பு, கம்பிகள் என்று அமைத்து வையுங்கள். பேட்டரி இயல்பாக 9 வோல்ட், பல்பு 10 ஓம். ஸ்விட்சைப் போடும் முன் சுற்றில் இருக்கும் நீலப் புள்ளிகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரான்கள் கம்பியில் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன, பேட்டரியிலிருந்து அப்போதுதான் புறப்பட்டு வரப்போவதில்லை. ஸ்விட்சைப் போட்டதும் எல்லாப் புள்ளிகளும் ஒரே நொடியில், ஒரே வேகத்தில் நகரத் தொடங்கும். இந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். ஸ்விட்சை மூன்று நான்கு முறை போட்டு அணைத்துக் காட்டுங்கள். மின்னோட்டம் தீர்ந்துபோகிறது என்று சொன்ன பிள்ளையையே அழைத்து, "ரெண்டாவது பல்புக்கு அப்பறம் புள்ளிங்க மெதுவாப் போகுதா பாருப்பா" என்று திரைக்கு அருகே நின்று பார்க்கச் சொல்லலாம்.

பிறகு நகரும் அம்மீட்டரை எடுத்து க, ச, ட என மூன்று இடத்திலும் வையுங்கள். மூன்றிலும் 0.45 ஆம்பியர். 9 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் வரும் அதே எண். ஒரு பல்பை மட்டும் வைத்தால் 0.90. இரண்டையும் பக்க இணைப்பில் மாட்டினால் ஒவ்வொன்றிலும் 0.90, பேட்டரியின் அருகே 1.80. இந்த எண்களைத் திரையில் காட்டும் முன் நோட்டில் கணக்கிட்டு எழுதச் சொல்வது கட்டாயம். எண்ணை முதலில் பார்த்துவிட்டால் கணக்குப் போட யாருக்கும் மனம் வராது.

வகுப்பு சுறுசுறுப்பாக இருந்தால் இன்னொரு கேள்வி. தொடர்ச் சுற்றில் ஒரு பல்பின் மின்தடையை 20 ஓம் ஆக்கினால் எந்தப் பல்பு பிரகாசமாக எரியும்? 10 ஓம் பல்பு என்றுதான் பலரும் சொல்வார்கள், மின்தடை குறைந்தால் ஒளி கூடும் என்ற நினைப்பில். மின்னோட்டம் 9-ஐ 30-ஆல் வகுக்க 0.30 ஆம்பியர், இரண்டுக்கும் பொது. 10 ஓம் பல்பின் முனைகளுக்கிடையே 3 வோல்ட், 20 ஓம் பல்பில் 6 வோல்ட். திறன் முறையே 0.9 வாட், 1.8 வாட். 20 ஓம் பல்புதான் பளிச்சென்று எரியும். திரையில் அது எரியும்போது எழும் சத்தத்துக்குத் தயாராக இருங்கள்.

திரை சொல்லும் சில பொய்களையும் ஆசிரியர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மின்னோட்டம் மிகவும் கூடினால் உருவகம் புள்ளிகளின் வேகத்துக்கு ஒரு வரம்பு போட்டுவிடும், அதை அறிவிப்பாகவும் காட்டும். அந்த நிலையில் வேகத்தை ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கே வருவோம். பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் தீ எழும். குறுக்குச்சுற்றை விளக்க நல்ல காட்சிதான், ஆனால் அதைக் காட்டிவிட்டால் மீதி வகுப்பு முழுதும் "தீ வைங்க சார்" என்பதே பேச்சாகிவிடும், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் ஓடும் திசையும் பாடநூலின் அம்புக்குறித் திசையும் எதிரெதிர். மரபு மின்னோட்டத்துக்கு மாற்றும் பொத்தான் திரையிலேயே இருக்கிறது. குழப்பம் வந்ததும் மாற்றிக் காட்டினால் ஒரு நிமிடத்தில் தெளியும்.

கடைசிப் பகுதி 'ஓம்ஸ் லா' உருவகம். மின்தடையை 100 ஓமில் நிறுத்தி, மின்னழுத்தத்தை 1.5, 3, 4.5, 6, 7.5, 9 என்று உயர்த்தினால் 15, 30, 45, 60, 75, 90 மில்லி ஆம்பியர் வரும். ஆறு புள்ளிகளையும் வரைபடத் தாளில் குறித்தால் ஆதிப்புள்ளி வழியாகச் செல்லும் நேர்க்கோடு. இங்கே விழும் பள்ளம் அலகில். 9-ஐ 100-ஆல் வகுத்து 0.09 என்று எழுதிய பிள்ளை, திரையில் 90 என்று பார்த்ததும் தன் விடையை அடித்துவிடும். மில்லி என்ற சொல்லைத் திரையில் விரலால் சுட்டிக் காட்டாமல் நகரக் கூடாது. இன்னொன்று, இந்த உருவகத்தில் சமன்பாட்டின் எழுத்துகளே பெரிதாகவும் சிறிதாகவும் மாறும். மின்தடையைக் கூட்டினால் அதன் எழுத்து வீங்கும், மின்னோட்டத்தின் எழுத்து சுருங்கும். அழகான யோசனை. எழுத்தின் பருமன் உறவைக் காட்டுகிறதே தவிர, ஓமையும் ஆம்பியரையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடவில்லை என்று ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது.

வரைபடம் போட ப்ரொஜெக்டர் தேவையில்லை. கரண்ட் போனால் ஆறு எண்களையும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு இந்த வேலையை முன்னுக்குக் கொண்டுவரலாம்.

கணினி ஆய்வகம் கிடைத்தால்

உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளியில் இதே பாடத்தைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுக்கலாம். 10 கணினி என்றால் கணினிக்கு நாலு பேர். நாலு பேரில் ஒருவர் மவுஸைப் பிடித்தால் கடைசி வரை விடமாட்டார். ஒருவர் இயக்க, ஒருவர் 'இதைச் செய்' என்று சொல்ல, ஒருவர் ஊகத்தை எழுத, ஒருவர் அளவைக் குறிக்க என்று பிரித்து, ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து மாற்றுங்கள். இயக்குபவர் தானாக எதுவும் செய்யக் கூடாது, அடுத்தவர் சொன்னால்தான் செய்ய வேண்டும் என்ற ஒரே விதி போதும், பேச்சு தானாக வரும். ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் தின் கிளையன்ட் அமைப்பாக இருந்தால் பத்துத் திரையிலும் புள்ளிகள் ஓடும்போது காட்சி திக்கித் திணறக்கூடும். ஐந்து கணினிகளில் முதல் உருவகம், மற்ற ஐந்தில் 'ஓம்ஸ் லா' என்று பிரித்தால் சுமை குறையும். கோப்பை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக நகலெடுக்கச் சலிப்பாக இருந்தால் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு கணினியில் நிறுவலாம். ஃபெட் உருவகங்களை ஒருமுறை இணையத்தில் இறக்கி வைத்துவிட்டால், பிறகு உள் வலையமைப்பிலேயே மற்றக் கணினிகள் உலாவி வழியாகத் திறக்கும்.

வீட்டில் செய்து பார்க்கப் பெற்றோரின் வாட்ஸ்ஆப்பில் கோப்பை அனுப்புவதும் நடக்கும், டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். தட்டியதும் போனின் எச்டிஎம்எல் வியூவர் திறந்து வெற்றுத் திரை காட்டினால், 'ஓபன் வித்' போய்க் குரோமைத் தேர்ந்தெடுக்கும்படி அதே செய்தியில் எழுதிவிடுங்கள். போன் வீட்டில் இல்லாத பிள்ளைக்கு இது வீட்டுப்பாடமாக இருக்கக் கூடாது. விருப்பம் உள்ளவர்களுக்கு என்றே சொல்லுங்கள்.

அடுத்த நாள், மறுபடியும் மேசைக்கு

திரையில் வந்த எண்ணை நிஜக் கருவியில் சரிபார்க்காமல் அலகை முடிக்கக் கூடாது. டார்ச் பல்பு ஒன்றை 3 வோல்ட்டில் எரியவிட்டு, மல்டிமீட்டரைத் தொடரிணைப்பில் சேர்த்து மின்னோட்டத்தை அளந்து எழுதுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் செருக வேண்டும். பிறகு அதே போன்ற இரண்டாவது பல்பைத் தொடரிணைப்பில் சேர்த்து அளவிடுங்கள். க, ச, ட மூன்று இடத்திலும் ஒரே அளவு வரும். அந்த மட்டில் உருவகம் சொன்னது சரி.

ஆனால் அந்த அளவு, ஒற்றைப் பல்பு காட்டியதில் சரிபாதியாக இருக்காது. பாதிக்கு மேலேயே நிற்கும். உருவகத்தில் 0.90 சரியாக 0.45 ஆனதே, இங்கே ஏன் ஆகவில்லை? "மீட்டர் தப்பா காட்டுது சார்" என்பதுதான் முதலில் வரும் பதில். செல்லையோ மீட்டரையோ மாற்றினாலும் பாதியாக இறங்காது. உருவகத்தில் இயல்பாக வரும் பல்புக்கு எந்த நிலையிலும் 10 ஓம்தான். நிஜ பல்பின் இழையோ மங்கலாக எரியும்போது வெப்பம் குறைந்து, அதனால் மின்தடையும் குறைந்து, எதிர்பார்த்ததைவிட அதிக மின்னோட்டத்தை விடுகிறது. பாடநூலைத் திறந்து ஓம் விதியின் வரையறையை வாசிக்கச் சொல்லுங்கள். 'மாறா வெப்பநிலையில்' என்ற இடத்துக்கு வந்ததும் பிள்ளைகள் தாமாகவே நிறுத்துவார்கள்.